ரப்பர் சத்தம்

மணி இரண்டரை. மூன்றே கால் வரைக்கும் நான் அந்த அறைக்குள் போகக்கூடாது. தேர்வு முடியும்வரை பெற்றோர் பக்கத்தில் இருக்கக்கூடாது, குழந்தை தானாக எழுத வேண்டும், எழுதியதை அப்படியே படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் அனுப்பும் ஷீபா மேடம் போனில் சொன்னபோது அந்த 'அப்படியே'யில் கொஞ்சம் அழுத்தினாரா, இல்லை எனக்குத்தான் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்ததா தெரியவில்லை. சமையலறைத் தரையில் நியூஸ்பேப்பரை விரித்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறேன். கை சும்மா இருந்தால் கால் தானாக அந்தப் பக்கம் போய்விடும் என்று காலையிலேயே யோசித்து இரண்டு கட்டு வாங்கி வைத்தேன். மூன்று பேர் இருக்கும் வீட்டுக்கு இரண்டு கட்டு முருங்கைக்கீரை. என் வீட்டுக்காரர் குமரேசன் வந்து கேட்டால் ரத்தத்துக்கு நல்லது என்று சொல்லிக்கொள்ளலாம். இங்கிருந்து பார்த்தால் அறைக் கதவு ஒரு விரல் அளவு திறந்திருக்கிறது. அதன் கீழ்த் தாழ்ப்பாள் விழாது, போன ஆடியிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், மனுஷன் காதில் போட்டுக்கொண்டால்தானே. மேல் தாழ்ப்பாள் தாரிகாவுக்கு எட்டாது. அதனால் அந்தக் கதவு எப்போதும் ஒரு விரல் திறந்தேதான் இருக்கும். அந்த இடுக்கில் எனக்குத் தெரிவது என் மகளின் வலது முழங்கையும் நாற்காலிக் காலைச் சுற்றிக்கொண்ட அவளுடைய பாதமும்தான். முழங்கை அசைந்தால் எழுதுகிறாள் என்று அர்த்தம். அசையவில்லை. இன்னும் அசையவில்லை. இப்போது அசைகிறது, ஆனால் எழுதும்போது முழங்கை இப்படி அசையாது, இது முன்னும் பின்னும் வேகமாக அசைகிறது. அழிக்கிறாள்.

எதிரே கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் டைல்ஸ் அறுக்கிற மெஷின் ஓடி நின்றால் ரப்பர் சத்தம் தெளிவாகக் கேட்கிறது. இந்த வீட்டில் எனக்கு மிகவும் பழகிய சத்தம் இதுதான். பத்து வயதுப் பெண் எழுதும் சத்தத்தைவிட அழிக்கும் சத்தத்தை அதிகம் கேட்டு வளர்ந்திருக்கிறேன், ஆமாம், அவள் வளரவில்லை, நான்தான் வளர்ந்தேன். எந்தக் கேள்வியை அழிக்கிறாள் இப்போது. தாளை நான் பார்த்துவிட்டேன், பார்க்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. குளத்துத் தவளையைப் பற்றி எட்டு வரி ஆங்கிலத்தில், அதன் கீழே ஆறு கேள்வி, பிறகு கணக்கு ஐந்து. நேரம் இன்னும் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அப்படியென்றால் தவளையில்தான் நிற்கிறாள். மூன்றாவது கேள்வியாக இருக்கும். குளம் ஏன் வற்றியது. அவளிடம் வாயால் கேட்டால் சொல்லிவிடுவாள், குளம் ஏன் வற்றியது, தவளை அப்போது என்ன நினைத்திருக்கும், அதன் அம்மா அதைத் தேடியிருக்குமா என்று தவளைக் குரலிலேயே சொல்லுவாள். புத்தியெல்லாம் நன்றாக இருக்கிறதுங்க, எழுத்துதான் பிடிபட மாட்டேன் என்கிறது, இப்படிச் சில குழந்தைகள் உண்டு என்றார் டாக்டர், அதற்கு ஒரு பெயரும் எழுதிக் கொடுத்தார். காது அப்படி ஒரு காது. இந்த மாடியில் நான்கு வீடு, எந்த வீட்டு குக்கர் விசில் என்று படுத்துக்கொண்டே சொல்வாள். கண்ணுக்கு முன்னால் மட்டும் பி-யும் டி-யும் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கின்றன. நான் உருவிய கீரையில் காம்பும் சேர்ந்து விழுந்திருக்கிறது. பொறுக்கி எடுக்கிறேன். நாலு இடம்தான். போன மாதம் நான் கை வைத்தது நாலே நாலு இடம்.

சாப்பாட்டு மேஜையில் மூன்று அடுக்கு புத்தகம் இருக்கிறது, அதனால் நாங்கள் மூன்று மாதமாகத் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். முதல் அடுக்கு அமெரிக்காக்காரர்கள் போட்டது, ஒருவரிடம் இரவல் வாங்கி வந்தேன். பக்கத்துக்குப் பக்கம் கரடி சிரிக்கிறது. தாரி புரட்டிப் பார்த்துவிட்டு, ஏம்மா எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருக்காங்க, அவங்களுக்குக் காய்ச்சலா என்றாள். இரண்டாவது திறந்தநிலைப் பள்ளிப் புத்தகங்கள். பரீட்சை எழுதலாம், சான்றிதழ் கிடைக்கும், நாளைக்குச் சொந்தபந்தத்தில் எவளாவது பிள்ளை என்ன படிக்கிறாள் என்று மூக்கை நுழைத்தால் நீட்டுவதற்கு ஒரு காகிதம் இருக்கும். மூன்றாவது ஷீபா மேடம் தயாரிக்கிற பாடம். வயதுக்கு ஏற்ற வகுப்பு கிடையாது, பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படியிலிருந்து தொடங்கும். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவித் தடவிப் படிக்க வேண்டும். எந்தப் படி என்று கண்டுபிடிக்கத்தான் இந்தத் தேர்வு. வீட்டுப் பள்ளி நடத்தும் அம்மாக்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது, அதில் ஒருத்தியுடைய பிள்ளை பாடத்திட்டமே இல்லாமல் பட்டாம்பூச்சியைப் பார்த்தே கணக்குக் கற்றுக்கொண்டதாம். நான் அதற்கும் ஒரு கைகூப்பு போட்டு வைத்தேன். கல்யாணச் சேலைக்குக்கூட நான் இவ்வளவு புரட்டவில்லை. எது எழுத்தைச் சுலபமாக்கும், எதில் படம் அதிகம், எதில் பரீட்சை குறைவு என்று கட்டம் போட்டு ஒப்பிட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திய பிள்ளைக்கு எது சரி என்று தேடினேனா, நான் செய்து வைத்த காரியத்தை மூட எது வசதி என்று தேடினேனா. இதை யோசிக்கக்கூடாது. கீரை. கீரையைப் பார்.

என் கையெழுத்து அழகாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் எனக்கு அதற்கு இரண்டு வருடம் பரிசு கொடுத்தார்கள், சசிரேகாவின் எழுத்தைப் பாருங்கள் என்று கரும்பலகையில் தேதி எழுதவே என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் திமிர்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். தாரி இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு சாயங்காலம், ஒரு பக்கம் பார்த்து எழுத வேண்டும், அவள் ஐந்து மணிக்கு உட்கார்ந்து ஆறரைக்கு இரண்டு வரி எழுதியிருந்தாள். அந்த இரண்டையும் அழித்துவிட்டு அழுதாள். அழுகையைப் பார்க்க முடியவில்லை. நீ போய் விளையாடு சாமி, அம்மா எழுதி வைக்கிறேன் என்று சொன்னேன். அன்றைக்கு ஒரு நாள் மட்டும்தான் என்று எழுதினேன். என் எழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்று பென்சிலை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன். இடது கையால் எழுதினால் ஏழு வயதுக் குழந்தை எழுதின மாதிரியே வரும், கொஞ்சம் கோணல், கொஞ்சம் பெரிசு. மறுநாள் மிஸ் நட்சத்திரம் போட்டு அனுப்பினார். அதோடு விட்டேனா. இரண்டு வருடம் எழுதினேன். அதிலும் கணக்கு வைத்திருந்தேன், பக்கத்துக்கு இரண்டு தப்பு, எல்லாமே சரியாக இருந்தால் சந்தேகம் வரும், மூன்றாவது தப்பு போட்டால் மிஸ் திட்டுவார். என் மகளின் தப்பைக்கூட நான்தான் தேர்ந்தெடுத்துப் போட்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு தடவை, அம்மா நீ நான் எழுதறத விட நல்லா நான் எழுதற மாதிரி எழுதற என்றாள். நான் சிரித்தேன்.  பெற்றோர் தினத்தன்று அந்த நோட்டை வகுப்பு வாசலில் பெஞ்சில் பார்வைக்கு வைத்தார்கள். யார் யாரோ புரட்டிப் பார்த்தார்கள். தாரி பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். நோட்டைத் தொடவே இல்லை.

மெஷின் மறுபடியும் ஓடுகிறது. மணி இரண்டு ஐம்பது. அது நிற்கட்டும் என்று காத்திருக்கிறேன், நின்றதும் மறுபடி ரப்பர். இவ்வளவு அழித்தால் தாளில் என்ன மிச்சம் இருக்கும். அழித்து அழித்துக் கடைசியில் வெறும் தாளைக் கொண்டுவந்து நீட்டப் போகிறாள், நான் அதைப் படம் எடுத்து ஷீபா மேடத்துக்கு அனுப்பப் போகிறேன், அவர் மரியாதைக்கு ஏதாவது சொல்லப் போகிறார். நாளைக்குப் பதினைந்து வயதில், இருபது வயதில், ஒரு ஃபாரம் பூர்த்தி செய்ய வேண்டுமென்றால் இவள் யாரைப் போய்க் கேட்பாள். நான் எத்தனை நாளைக்கு இருப்பேன். எழுந்து போகலாம். குடிக்கத் தண்ணி வேணுமா என்று கேட்கிற சாக்கில் ஒரு பார்வை. ஒரே ஒரு பார்வை. மூன்றாவது கேள்வியில் விரலை வைத்து, இந்த வரியை மறுபடி படி கண்ணு என்று மட்டும். உட்கார் சசி, உட்கார். காலையில் குமரேசன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, இருக்கறத இருக்கறாப்பலயே அனுப்பு புள்ள என்றார். அவர் மோட்டார் கம்பெனியில் பீஸ் சரிபார்க்கிறவர், சரியில்லாத பீஸில் சிவப்புப் பெயிண்ட் தடவி ஓரமாக வைப்பதுதான் வேலை. நீங்க பீஸுக்குச் சொல்றாப்பல எம்புள்ளைக்குச் சொல்லாதீங்க என்று கத்திவிட்டேன். அவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனார். பாவம், அவருக்கு நோட்டு விஷயமே தெரியாது. ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தாரிக்கும்தான் தெரியும்.

நான்காம் வகுப்பில் மிஸ் மாறினார். வீட்டுப்பாட நோட்டில் நட்சத்திரம், வகுப்புப் பரீட்சையில் வெறும் தாள். என்னைக் கூப்பிட்டு இரண்டையும் மேஜையில் அருகருகே வைத்தார். பாருங்கம்மா, வீட்ல இவ்ளோ நல்லா எழுதறா, இங்க வந்தா வேணும்னே எழுத மாட்டேங்கறா, இது சோம்பேறித்தனம், கொழுப்பு என்றார். அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம். இது நான் எழுதினதுங்க மிஸ். ஐந்து சொல்கூட இல்லை. வாய் வரைக்கும் வந்தது, என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று விழுங்கிக்கொண்டேன், சொல்றேனுங்க மிஸ், வீட்ல கண்டிச்சு வெக்கறேன் என்றேன். கண்டிச்சு வெக்கறேன். என் மகள் என் பக்கத்தில் நின்று இதைக் கேட்டாள். என்னை நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தாள், பிறகு செருப்பைப் பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் அந்த நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறாள், அதுவும் எனக்கு வேனில் கூட வரும் பிள்ளை சொல்லித்தான் தெரியும். நான் எழுதிய நோட்டு. எங்கம்மா எழுதினது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உள்ளே விட்டிருப்பார்கள். அவள் சொல்லவே இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளை என்னைக் காப்பாற்றிக்கொண்டு வெயிலில் நின்றது. நான் சொல்லித் தந்த பாடம் என்று ஒன்று உண்டென்றால் அதுதான், நீ எழுதுவது வெளியில் காட்டத் தகாதது என்கிற பாடம். அதை மட்டும் அவள் ஒரே தடவையில் கற்றுக்கொண்டாள். சரஸ்வதி பூஜை அன்று புத்தகங்களை எல்லாம் அடுக்கிப் பொட்டு வைத்துவிட்டு, இன்னைக்குப் படிக்கவே கூடாதாம்மா என்று கேட்டாள். கூடாது சாமி, நாளைக்குத்தான் எடுக்கோணும் என்றேன். தினமும் சரஸ்வதி பூஜையா இருந்தா நல்லாருக்கும்ல என்றாள். அந்த வாரம்தான் பள்ளிக்கூடம் போதும் என்று முடிவெடுத்தேன்.

வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டால் எல்லாம் மாறிவிடும் என்று நினைத்தேன். சுவர்தான் மாறியது. போன மாதம் இதே தேர்வை எழுதினாள், முடித்துவிட்டுக் குளிக்கப் போனாள். தாளை எடுத்துப் பார்த்தேன். படம் எடுக்கப் போனைக்கூட எடுத்துவிட்டேன். ஒரு இடத்தில் பி திரும்பி நின்றது. இது தெரியாதா அவளுக்கு, இது கவனக்குறைவு, இதற்கெல்லாமா ஒரு படி இறக்குவார்கள் என்று அதை மட்டும் அழித்து எழுதினேன். இடது கையால். பிறகு ஒரு கூட்டல். பிறகு குளம் ஏன் வற்றியது. நாலு இடம். நாலாவது இடத்தில் அழித்து அழித்துத் தாள் லேசாகக் கிழிந்தது, விரலால் நீவி விட்டேன். நான்காம் படி என்று பதில் வந்தது. குமரேசன் இனிப்பு வாங்கி வந்தார். பார்சல் வந்ததும் முதல் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் தாரி ரொம்ப நேரம் பார்த்தாள். மூடினாள். இது என்ற புக்கு இல்லம்மா, வேற ஆரோ ஒரு பொண்ணுக்கு வந்தது மாறி வந்திருச்சு என்றாள். அதன் பிறகு ஒரு வாரம் அந்த மேஜைப் பக்கமே போகவில்லை. படி பொருந்தவில்லை என்று நான் போன் செய்தபோது ஷீபா மேடம் ஏன் என்று கேட்கவில்லை. நிறைய அம்மாக்கள் செய்றதுதான், பரவாயில்லை, இன்னொரு தடவை எழுதட்டும், இந்தத் தடவை நீங்க கிச்சன்ல இருங்க என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பரவாயில்லை என்றதும் போனை வைத்துவிட்டு அழுதேன். ரப்பர் சத்தம் நின்றுவிட்டது. எவ்வளவு நேரமாக நின்றிருக்கிறது. பென்சில் சத்தமும் இல்லை. முழங்கை அசைகிறது, எழுதும் அசைவுதான், ஆனால் சத்தமே வரவில்லை.

கதவு திறக்கிறது. மணி மூன்று பத்து, இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது. தாரி தாளை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வருகிறாள்.

"முடிச்சுட்டேன்மா."

நான் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு வாங்குகிறேன். தாள் வெறுமையாக இருக்கிறது. பயந்தது நடந்துவிட்டது.

"ஏஞ்சாமி, ஒண்ணுமே எழுதலியா?"

"எழுதியிருக்கனே. வெளிச்சத்துல பாரு."

ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடிக்கிறேன். எழுத்து இருக்கிறது. எல்லாக் கேள்விக்கும் இருக்கிறது. பென்சில் தாளைத் தொட்டதோ இல்லையோ என்று நூல் நூலாக இருக்கிறது. அதற்கு அடியில் அழுத்தி எழுதி அழித்த தடம் பள்ளம் பள்ளமாகத் தெரிகிறது.

"ஏங்கண்ணு இவ்ளோ லேசா எழுதியிருக்கே?"

"மொதல்ல அழுத்தித்தான் எழுதினேன். அப்பறம்தான் நெனப்பு வந்துச்சு. எல்லாத்தையும் அழிச்சுட்டு லேசா எழுதினேன். நீ அழிக்கறப்ப கஷ்டமா இருக்கும்ல. போன தடவ கிழிஞ்சிருச்சு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பாத்ரூம்ல கேட்டுச்சே. ரொம்ப நேரம் அழிச்சுட்டே இருந்தே."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் நன்றாக இருக்கும். மூன்றாவது வீட்டு குக்கர் விசில் என்று சொல்வாளே, அதே குரல். இவ்வளவு நேரம் நான் உயிரைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்த ரப்பர் சத்தம், அவள் எனக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்த சத்தம். போனை எடுத்துத் தாளின் மேல் பிடிக்கிறேன். திரையில் கேள்விகள் மட்டும் தெரிகின்றன. பதில் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெள்ளை.

"அம்மா இனிமே அழிக்க மாட்டேன் தாரி. நீ எழுதினதுதான் போகும்."

"தப்பா இருந்தா?"

"தப்பாவே போகட்டும்."

அவள் என்னைப் பார்க்கிறாள். அன்றைக்கு மிஸ் முன்னால் நிமிர்ந்து பார்த்தாளே அப்படி. நம்பவில்லை என்பது தெரிகிறது, நம்புவதற்கு நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்.

"அன்னிக்கு மிஸ்கிட்ட, நோட்டு நான் எழுதினதுன்னு சொல்லியிருக்கோணும். சொல்லாம விட்டுட்டேன். அது என்ற தப்பு."

அவள் கீரைக் காம்பு ஒன்றை எடுத்து விரலில் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள்.

"ரப்பர அம்மாகிட்டக் குடு. பேனா எடுத்து இதும் மேலயே அழுத்தி எழுது. நீ எழுதியிருக்கறதையேதான்."

கொஞ்சம் யோசித்துவிட்டு ரப்பரை என் உள்ளங்கையில் வைக்கிறாள். அவள் கைச்சூடு இன்னும் அதில் இருக்கிறது. தாளை வாங்கிக்கொண்டு நடக்கிறாள். நான் என்னை அறியாமல் இரண்டு எட்டு பின்னாலேயே போகிறேன். கதவருகில் திரும்புகிறாள்.

"நீ வராதேம்மா."

"வரலை சாமி."

கதவைச் சாத்துகிறாள், வழக்கம்போல் ஒரு விரல் இடைவெளி. நான் திரும்பி வந்து நியூஸ்பேப்பர் முன்னால் உட்காருகிறேன். நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்கிறது. எழுத உட்காருகிறாள் என்று நினைக்கிறேன். ஆனால் சத்தம் மேஜைப் பக்கம் போகவில்லை, கதவுப் பக்கம் வருகிறது. நாற்காலியில் ஏறுகிறாள். அந்த ஒரு விரல் இடைவெளி மூடுகிறது. மேல் தாழ்ப்பாள் இந்த வீட்டில் யாரும் தொடாதது, துருப்பிடித்தது, ஒரு தடவை இழுக்கிறாள், வரவில்லை, இன்னொரு தடவை இழுக்கிறாள். அம்மா போட்டு விடட்டுமா என்று வாய் வரைக்கும் வந்துவிடுகிறது. மூன்றாவது தடவை அது விழுகிறது.

இரண்டாவது கட்டுக் கீரை பிரிக்காமல் கிடக்கிறது. பிரித்து உருவ ஆரம்பிக்கிறேன்.